ஜிம்னியில் இரண்டு நாய்: கூடு அடிப்பதா, பெல்ட் போடுவதா?

வெள்ளவத்தை_ஜிம்னி:

வணக்கம் எல்லாருக்கும். வாகனம் சுசுகி ஜிம்னி ஜேபி74, மூன்று கதவு, ஓட்டோ கியர். நாய்கள் இரண்டு: லாப்ரடோர் 28 கிலோ, ஊர் நாய் 14 கிலோ. தங்களுக்குள்ள சண்டை இல்லை, ஆனா றோட்டில குரங்கைக் கண்டால் ரெண்டையும் அடக்க ஏலாது. முன் சீட்டில நானும் மனிசியும். திட்டம் எல்லாம் ரெண்டு மூண்டு நாள் பயணங்கள்தான்: ஹுன்னஸ்கிரியவால ஏறி மீமுரே, பெலிஹுல்லோயாப் பக்கம், பிறகு கல்பிட்டி.

தெரிய வேண்டியது இவ்வளவும். பின்னால இரும்புக் கூடு அடிக்கிறது நல்லதோ, இல்லாட்டி ஹார்னஸ் (மார்புப் பட்டி) போட்டு சீட் பெல்ட்டில கொழுவுறது போதுமோ? வாகனத்துப் பொடியில ஓட்டை போடாமல் கூட்டைப் பூட்ட வழி இருக்கோ? ஜிம்னியில ஏசி பின்னுக்குப் போறதே இல்லை, அதுக்கு என்ன செய்யலாம்? கல்பிட்டி போற நேரம் அப்பிடியே வில்பத்துவுக்கும் ஒரு சுற்றுப் போகலாம் எண்டு யோசனை, நாய்களை உள்ளுக்கு விடுவினமோ?

மண்பாதை:

கடைசிக் கேள்வியை முதலில் முடிப்போம். விடமாட்டார்கள். வில்பத்து, யால, ஹோட்டன் சமவெளி எல்லாம் வனசீவராசிகள் திணைக்களத்தின் தேசியப் பூங்காக்கள், வளர்ப்பு நாய்க்கு அங்கே அனுமதி இல்லை. கேட்டடியில் வாகனத்துக்குள் நாயை விட்டுவிட்டு சஃபாரி ஜீப்பில் போய்வரலாம் என்ற யோசனை வந்தால் அதையும் விடுங்கள். ஏனென்று நாலுகால்_டொக்டர் வந்து சொல்லுவார். கல்பிட்டியோடு நிறுத்துங்கள், நாய்க்கும் கடற்கரைதான் சந்தோஷம்.

இப்போது கூடா பெல்ட்டா. கணக்கைப் பார்த்தால் பதில் பாதி வந்துவிடும். 50 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 13.9 மீட்டர். வாகனம் எதிலாவது மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றால், உள்ளே இருப்பதன் மீது அதன் எடையைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு விசை வரும். உங்கள் 28 கிலோ லாப்ரடோர் அந்த நேரத்தில் 550 கிலோ அளவில் இழுக்கும். இந்த இழுவையைத் தாங்குவது எது என்பதுதான் கேள்வி. நடைக்குப் போகப் போடும் ஹார்னஸில் இருக்கும் பிளாஸ்டிக் பக்கிள் தாங்காது. சீட் ஹெட்ரெஸ்ட்டில் சுற்றிக் கட்டும் பட்டி தாங்காது. கொலரில் கொழுவினால் பட்டி தாங்கும், கழுத்து தாங்காது.

அமெரிக்காவில் சென்டர் ஃபோர் பெட் சேஃப்டி என்று ஒரு அமைப்பு நாய் ஹார்னஸ்களை மோதல் சோதனைக்கு உட்படுத்தித் தரச்சான்று கொடுக்கிறது. ஸ்லீப்பிபொட் கம்பனியின் கிளிக்கிட் வகைகள் அதில் தேறியவை. 'கார் சேஃப்டி' என்று பெட்டியில் அச்சடித்து விற்பதற்கு எந்தச் சோதனையும் தேவையில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வாங்குவதென்றால் மார்புப் பட்டி அகலமாக இருக்க வேண்டும், சுமை தாங்கும் இடமெல்லாம் தையலும் இரும்பு வளையமுமாக இருக்க வேண்டும், கொழுவும் வளையம் முதுகில் இருக்க வேண்டும். பட்டி நீளம் நாய் இருக்கவும் படுக்கவும் மட்டும் போதுமானதாக இருந்தால் சரி. முன் சீட் இடைவெளிக்குள் தலையை நீட்டுமளவு நீளம் விட்டால், மோதலில் அந்த அளவு தூரம் பறந்துவிட்டுத்தான் பட்டி இறுகும்.

மண் பாதையில் சீட் பெல்ட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. சாதாரண இழுவைப் பெல்ட்டின் உள்ளே இருக்கும் பூட்டு வாகனம் சரிந்தாலும் குலுங்கினாலும் விழும். பக்கச் சரிவில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும்போது பெல்ட் பூட்டிக்கொள்ளும், நாய் எழும்பப் பார்க்கும், முடியாது, பதறும். மேடு பள்ளத்தில் இது திரும்பத் திரும்ப நடக்கும். ஆகவே ஒஃப் ரோட் போகும் வாகனத்தில் ஹார்னஸ் பட்டியை பெல்ட் நாடாவில் கோர்க்காமல் ஐசோஃபிக்ஸ் எனும் பிள்ளைச் சீட் பூட்டும் கம்பியிலோ பொடியில் உள்ள நிலையான ஆங்கரிலோ (பூட்டும் புள்ளி) கொழுவுவது மேல். ஐசோஃபிக்ஸ் என்பது பிள்ளையும் பிள்ளைச் சீட்டும் சேர்த்து 33 கிலோ என்ற கணக்கில் செய்தது. லாப்ரடோர் அதற்குள் அடங்குகிறது, ஆனால் இடைவெளி அதிகமில்லை.

ஜிம்னிக்கு என் முடிவு: பின் பக்கம் முழுவதும் நாய்களுக்கு, முன் சீட்டுகள் ஆட்களுக்கு, நடுவில் தடுப்பு. பின் சீட் 28 கிலோ நாய் படுக்கும் அகலம் இல்லை, குலுக்கத்தில் கால் இடுக்கில் விழும். சீட்டுகளை மடித்துவிட்டால் தரை நீளம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும், அது போதும். நாலு பேர் போகும் வாகனம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். மடிக்காமல் பின்னால் மிஞ்சும் இடம் வெறும் 85 லீட்டர், அதில் ஒரு பூனைகூட மனம் கோணாமல் இருக்காது.

எந்தக் காரணம் கொண்டும் முன் சீட்டில் நாய் வேண்டாம். ஏர்பேக் விரிந்தால் முடிந்தது. மடியில் வைப்பதும் அதேதான். இன்னொன்று, ஜிம்னியில் கண்ணாடி இறக்கும் சுவிட்சுகள் கதவில் இல்லை, நடுக் கொன்சோலில் இருக்கின்றன. பின்னாலிருந்து தாவி வரும் நாயின் முன்கால் சரியாக அங்கேதான் ஊன்றும். தடுப்பு போடுவதற்கு அது ஒன்றே போதிய காரணம்.

தெமட்டகொட_வெல்டிங்:

மண்பாதை சொன்ன தடுப்பு முறைதான் சரி. முழுக்கூடு அடிக்க வேண்டாம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

25க்கு 25 மில்லி பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்), 2 மில்லி கனம், மீட்டருக்கு 1.4 கிலோ வரும். 95 செ.மீ. நீளம், ஒரு மீட்டர் அகலம், 70 செ.மீ. உயரத்தில் நடுத் தட்டியும் இரண்டு கதவும் வைத்து முழுக்கூடு அடித்தால் கம்பி மட்டும் 27 கிலோ. ஒரு அங்குலக் கண், 3 மில்லி வெல்ட் மெஷ் சதுர மீட்டருக்கு 4.4 கிலோ, அது ஒரு 18, 19 கிலோ. தரைப் பலகை 7 கிலோ. மொத்தம் 50 தாண்டிவிட்டது. ஜிம்னியின் மொத்த எடை எல்லை 1,435 கிலோ, வெறும் வாகனம் 1,100 சொச்சம். முந்நூறு கிலோவை ஒட்டித்தான் உங்களுக்கு மிச்சம். ரெண்டு ஆள் 140, நாய்கள் 42, கூடு 50. தண்ணியும் டென்ட்டும் வின்ச் (புதைந்த வாகனத்தை இழுக்கும் பொறி) சாமானும் எங்கே ஏற்றுவது? மேலே ரூஃப் ரெக்கில் ஏற்றினால் ஜிம்னி வளைவில் ஆடும்.

தடுப்பு முறை என்றால் மூன்றே உருப்படி. முன் சீட்டுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் ஒரு தட்டி, நடுவில் நாய்களைப் பிரிக்கும் ஒரு தட்டி, பின் கதவுக்கு உள்ளே இரண்டு சின்னக் கேட். பக்கச் சுவர் வாகனத்தின் பொடியே. முன் தட்டியும் பின் கேட்டின் வெளிச்சட்டமும் 25 பொக்ஸ் பாரில், நடுத் தட்டியும் கேட் கதவுகளும் 20க்கு 20, ஒன்றரை மில்லி கனத்தில் அடித்தால் பலகையோடு 35 கிலோவுக்குள் முடியும். பழைய சோனகத் தெருவில் பொக்ஸ் பாரும் மெஷும் சேர்த்து ஒரே நடையில் எடுக்கலாம்.

நடுத் தட்டியைச் சரி பாதியில் வைக்காதீர்கள். லாப்ரடோருக்கு 55 செ.மீ., சின்னவருக்கு மிச்சம். தட்டிகளை ஒன்றோடொன்று வெல்ட் பண்ணாமல் எம்8 போல்ட்டில் பூட்டுங்கள், கழுவவும் கழற்றவும் சுகம்.

இப்போது எதில் பூட்டுவது. பின்பக்கச் சுவரில் ரெடிமேட் ஓட்டைகள் இருக்கும், எம்6 நட் வைத்தது. அதைக் கண்டவுடன் எல்லாருக்கும் ஆசை வரும். அது லைட், ஹூக், சின்ன ரெக் மாட்ட வைத்தது. மோதலில் நாய்களும் தட்டியும் சேர்ந்து ஆயிரத்தைந்நூறு கிலோ அளவில் இழுக்கும்போது தகட்டோடு உருவிக்கொண்டு வரும்.

பொடியில் புது ஓட்டை தேவையில்லை. பின் சீட்டை மடிப்பதற்குப் பதில் கழற்றிவிட்டால் அது பூட்டியிருந்த போல்ட் ஓட்டைகள் தரையில் இருக்கும், பின் சீட் பெல்ட்டின் கீழ், மேல் ஆங்கர்களும் சும்மா இருக்கும். அவை ஆள் எடைக்குச் செய்தவை. முன் தட்டியின் கீழ் இரண்டு மூலையும் சீட் போல்ட் ஓட்டைகளுக்கு. மேல் இரண்டு மூலையிலிருந்தும் பின்னோக்கிச் சாய்வாக ஒவ்வொரு கம்பி, பின் பெல்ட் மேல் ஆங்கர் வரை. மோதலில் நாய் முன்னால் தள்ளும், அந்தக் கம்பி பின்னால் இழுத்துப் பிடிக்கும். இந்தச் சாய்வுக் கம்பி இல்லாமல் கீழே மட்டும் பூட்டிய தட்டி முன் சீட் ஆட்களின் முதுகில் மடிந்து விழும். கடைகளில் தொங்கும் அழுத்திப் பொருத்தும் கம்பித் தடுப்புகளும் அப்படித்தான், ஹெட்ரெஸ்ட் கம்பியிலும் கூரைத் துணியிலும் முட்டிக்கொண்டு நிற்கும். நாய் முன்னால் வராமல் தடுக்க அது போதும், மோதலுக்கு உதவாது.

பூட்டவே கூடாத இடங்கள்: முன் சீட் ஆட்கள் போடும் பெல்ட்டின் எந்த ஆங்கரும். ஒரு வொஷர் கூட அங்கே செருக வேண்டாம். கூரை ஓரமும் வேண்டாம், கர்ட்டன் ஏர்பேக் உள்ள வாகனம் என்றால் அது அங்கேதான் சுருண்டு கிடக்கும். வாகனத்துக்குள் வைத்து வெல்டிங் வேண்டாம். அளவெடுத்து வெளியே அடித்து உள்ளே பூட்டுங்கள். உள்ளே வைத்துத்தான் ஒட்டுவேன் என்று ஒரு வெல்டிங் பாஸ் நின்றால் பெட்டரி நெகட்டிவைக் கழற்றாமல் ஆரம்பிக்க விடாதீர்கள்.

மெஷ் வெட்டு முனைகள் எல்லாம் சட்டத்தின் வெளிப்பக்கம் மறைய வேண்டும். நாயின் பக்கம் ஒரு கம்பி முனை ஒரு மில்லி நீட்டிக்கொண்டிருந்தாலும் குலுக்கத்தில் கண்ணைக் கிழிக்கும், உள்ளங்கையால் முழுவதும் தடவிப் பாருங்கள். கல்வனைஸ் மெஷைப் பச்சையாக விடாமல் பவுடர் கோட்டிங் கொடுங்கள். கம்பியைக் கடிக்கும் நாய் என்றால் அந்தத் துத்தநாகம் வயிற்றுக்குள் போகும். கைப் பெயின்ட் என்றால் வாசம் போகும்வரை நாயை ஏற்ற வேண்டாம்.

ஒன்று மறக்க வேண்டாம். பின்னால் இருந்து லொறி இடித்தால் பின் கதவு திறக்காது, ஜிம்னிக்கு வேறு பின் கதவும் இல்லை. முன் தட்டியில் லாப்ரடோர் நுழையுமளவு ஒரு வாசல் வைத்து, கையால் இழுக்கும் தாழ்ப்பாள் போடுங்கள். சாவிப் பூட்டு வேண்டாம்.

வெள்ளவத்தை_ஜிம்னி:

வெல்டிங் நானா, விளக்கமாச் சொன்னதுக்கு நன்றி. சீட்டைக் கழட்டினால் பதிவில பிரச்சினை வராதோ? அடுத்தது, தரைக்கு என்ன போடுறது? கடையில மெமரி ஃபோம் மெத்தை ஒண்டு காட்டினவை.

தெமட்டகொட_வெல்டிங்:

பதிவுச் சான்றிதழில் ஆசன எண்ணிக்கை இருக்கிறது. பயணத்துக்குக் கழற்றி, வந்து திரும்பப் பூட்டுவது வேறு, நிரந்தரமாக இரண்டு சீட் வாகனமாக மாற்றுவது வேறு. நிரந்தரம் என்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுவிட்டு, இன்சூரன்ஸுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். கழற்றிய சீட்டையும் போல்ட்டையும் ஒரே பையில் போட்டு வீட்டில் வையுங்கள், போல்ட் தொலைத்தவர்கள்தான் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அலைகிறார்கள்.

தரைக்கு 12 மில்லி மரீன் பிளைவூட், ஓரங்களுக்கும் வார்னிஷ். அதன்மேல் 6 மில்லி கனத்தில் வரி போட்ட றப்பர் மெட், ஒட்டாமல் விடுங்கள், தூக்கிக் கழுவ வேண்டும். அதன்மேல் பன் பாய். ஃபோம் மெத்தை நாயின் சூட்டைப் பிடித்து வைக்கும், ஈரமானால் ரெண்டு நாளைக்கு நாறும். பாய் கிழிந்தால் இன்னொன்று.

நாலுகால்_டொக்டர்:

இரும்பு வேலையை நானா பார்த்துக்கொண்டார், நான் உயிர் வேலைக்கு வருகிறேன். நம் ஊரில் பயணத்தில் நாய் சாகிற காரணங்களில் மோதலைவிட நான் அதிகம் பயப்படுவது வெக்கைக்கு.

நாய்க்கு வியர்வையால் உடம்பு ஆறாது, மூச்சிரைத்துத்தான் ஆற வேண்டும். நாக்கிலும் மூச்சுப் பாதையிலும் ஈரம் ஆவியானால்தான் சூடு இறங்கும். கொழும்புக் காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாவது மந்தம். அதனால் அதே 31 பாகை வெயில் வரண்ட காற்றைவிட இங்கே நாய்க்குக் கடினம். மூடிய வாகனத்தில் முதல் பத்து நிமிடத்தில் உள்வெப்பம் ஏறத்தாழ 10 பாகை ஏறும், ஒரு மணி நேரத்தில் ஏறப்போவதில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே ஏறி முடிந்துவிடும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டால் சரி என்பது வெறும் நம்பிக்கை, ஏறும் வேகம் பெரிதாகக் குறையாது. அதனால்தான் வில்பத்து கேட்டடி யோசனை வேண்டாம் என்று மண்பாதை சொன்னார்.

ஜிம்னியில் பின் பக்கக் கண்ணாடிகள் திறக்காது. ஏசி வாய்கள் முன்னால் மட்டும். ஆகவே தட்டி போடும்போதே அதில் இரண்டு 12 வோல்ட் விசிறி, கணினிக்குள் இருக்கும் 120 மில்லி அளவு, முன்னிருந்து பின்னுக்கு ஊதும்படி வையுங்கள். நாயின் பக்கம் விசிறிக்குக் கம்பி மறைப்பு அவசியம், வால் நுழையும். வயர் நாய் பக்கம் போகவே கூடாது. ஒரு பியூஸ் போடுங்கள். நடு ஏசி வாய்களை மேலே தூக்கித் திருப்பினால் குளிர்காற்று கூரையை ஒட்டிப் பின்னுக்குப் போகும், விசிறி அதை இழுத்துக்கொள்ளும். பின் கண்ணாடிகளுக்கு வெயில் மறைப்பு. ஒரு டிஜிட்டல் வெப்பமானியின் உணர்கம்பியை நாய் படுக்கும் மட்டத்தில் கட்டி, திரையை டாஷ்போர்டில் வையுங்கள். உங்கள் முகத்தில் குளிர்காற்று அடிக்கிறது என்பதற்காக அங்கேயும் குளிர் என்று நினைக்க வேண்டாம். 27, 28 தாண்டினால் நிறுத்திப் பாருங்கள். போனுக்குத் தகவல் அனுப்பும் வெப்பமானிகளும் விற்கிறார்கள், சிக்னல் இல்லாத மலைக்குள் அது வெறும் பெட்டி.

என்ஜினை ஓடவிட்டு ஏசியோடு நாயைத் தனியே விடுவது பற்றி அடுத்து யாரோ கேட்பீர்கள். வேண்டாம். என்ஜின் நின்றாலும், சூடேறி ஏசி கம்பிரசர் நின்றாலும், ஊதுவது வெறும் காற்றா என்று நாய் வந்து சொல்லாது. ஒருவர் வாகனத்தோடு இருக்க வேண்டும்.

வெக்கை தாக்கினால் அறிகுறி: நிற்காத மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில், ஈறு செங்கல் நிறம், தள்ளாட்டம், வாந்தி. சாதாரண உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 பாகை, ஆசனவாயில் அளந்து 41 தாண்டினால் ஆபத்து. முதலில் குளிர்த்துங்கள், பிறகு ஓடுங்கள். நிழலுக்கு எடுத்து, கிடைக்கும் தண்ணியை உடம்பு முழுக்க ஊற்றி, விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரத் துவாயால் போர்த்தி விடாதீர்கள், அது சூட்டை உள்ளே அடைத்துவிடும். 39.5க்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கீழே இறங்கிக்கொண்டே போகும். எழும்பி நடந்துவிட்டது என்று வீட்டுக்குத் திரும்பாமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். சிறுநீரகமும் இரத்தம் உறைவதும் கெடுவது பிறகுதான் தெரியும். பக், ஷி சூ மாதிரி மூக்குத் தட்டை நாய்கள் வைத்திருப்பவர்கள் இந்த எல்லைகளை எல்லாம் இன்னும் கீழே இறக்கிக்கொள்ளுங்கள்.

தண்ணி கணக்கு: கிலோவுக்கு நாளுக்கு 60 மில்லி லீட்டர், வெயிலில் இரண்டு மடங்கு. உங்கள் இரண்டுக்கும் சேர்த்து நாளுக்கு 5 லீட்டர். ஓடையில் குடிக்க விடாதீர்கள். மீமுரே இருக்கும் நக்கிள்ஸ் மலைப் பக்க ஓடைகளில் குடிக்கும்போது அட்டை மூக்குக்குள் ஏறிவிடும், பல நாள் கழித்து ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் இரத்தம் வடிந்து தும்மிக்கொண்டிருக்கும். தேங்கிய தண்ணியில் எலிக்காய்ச்சல் கிருமி, அதற்கு வருடாந்தத் தடுப்பூசி தவறாமல் போடுங்கள். காலில் கடித்த அட்டைக்கு உப்பு போதும், பிடுங்க வேண்டாம்.

உண்ணிக்கு, பயணம் போகும் முன்பே மருந்து. ஃப்ளூரலேனர் மாத்திரை ஒன்று பன்னிரண்டு வாரம் காக்கும், அளவு நாயின் எடைப்படி. ஒவ்வொரு மாலையும் காது மடிப்பு, விரலிடுக்கு, வாலடி பாருங்கள். வந்து ஒன்றிரண்டு வாரத்தில் சாப்பாடு விட்டு, ஈறு வெளிறி, மூத்திரம் கறுத்தால் உண்ணிக் காய்ச்சல் என்று சந்தேகித்து அன்றைக்கே இரத்தப் பரிசோதனை.

வாந்தி: சாப்பாடு புறப்பட நாலு மணி நேரம் முன், வழக்கத்தில் பாதி. வளைவுப் பாதைக்கு மரோபிட்டன்ட் என்ற மருந்து இருக்கிறது, எடைக்கேற்ப உங்கள் வைத்தியர் எழுதித் தருவார். உங்கள் கைப்பையில் இருக்கும் பனடோலும் ப்ரூஃபனும் நாய்க்கு இல்லை. காலை நொண்டுகிறது என்று ஒன்றைக் கொடுத்துவிட்டு ஈரலும் வயிறும் கெட்டு வருகிறவைகள் உண்டு.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடைப் போதனா மருத்துவமனை இலக்கத்தை மலைக்கு ஏறும் முன் போனில் பதிந்து வையுங்கள். விசர்நாய்த் தடுப்பூசி அட்டையும் கூடவே இருக்கட்டும், ஊர் நாய்களோடு ஒரு கடிபட்டால் முதலில் கேட்பது அதைத்தான்.

கல்பிட்டி_காத்து:

எல்லாரும் ஓடும்போது நடப்பதைச் சொல்லிவிட்டார்கள். நின்ற பிறகு நடப்பது கொஞ்சம்.

ஜிம்னியின் பின் கதவு பக்கவாட்டில் திறக்கும், ஸ்பெயார் வீல் பாரமும் அதில்தான். சரிவில் நிறுத்தினால் அது தானாக வீசி மூடும், இறங்கிக்கொண்டிருக்கும் நாயின் இடுப்பில் விழும். கதவை ஒரு பட்டியால் கட்டிவிட்டுத்தான் கேட்டைத் திறக்க வேண்டும். கேட் திறக்கும் முன் மெஷ் வழியாகவே கையை விட்டு லீஷ் கொழுவும்படி நானாவிடம் சொல்லி ஒரு கைப்பிடி அகல இடம் விடச் சொல்லுங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் ஓடிப்போகும் நாய்கள் எல்லாம் கதவு திறந்த அந்த நொடியில்தான் ஓடுகின்றன. வெலிபென்ன மாதிரி தரிப்பிடத்தில் தெரு நாய்கள் வாகனத்தைச் சுற்றி வரும், அப்போது இன்னும் கவனம்.

வாகனம் புதைந்தால், வின்சோ இழுவைக் கயிறோ போடும் முன் நாய்களை இறக்குங்கள். எங்கே கட்டுவது என்பதில்தான் தவறுகிறார்கள். பம்பரிலோ டோ ஹூக்கிலோ கட்டாதீர்கள், அவசரத்தில் அவிழ்க்க மறந்து வாகனம் நகரும். கயிறு போகும் கோட்டில் முன்னும் பின்னும் வேண்டாம். கோட்டுக்குப் பக்கவாட்டில், கயிற்று நீளத்தின் ஒன்றரை மடங்குக்கு அப்பால், மேட்டுப் பக்கம் ஒரு மரம். ஒருவர் நாயோடு நிற்க வேண்டும். அறுந்த கயிறும் அதைக் கொழுவும் ஷெக்கல் வளையமும் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆறு கடக்கும்போது இதற்கு நேர்மாறு. நாய்கள் உள்ளேயே இருக்கட்டும். ஜிம்னிக்குக் கம்பனி சொல்லும் ஆழம் 300 மில்லி, அதாவது முழங்காலுக்குக் கீழ். அதைத் தாண்டினால் கடக்க வேண்டாம், அவ்வளவுதான். முன் தட்டியின் வாசல் தாழ்ப்பாளைத் தண்ணிக்குள் இறங்கும் முன் எடுத்து விடுங்கள். ஹார்னஸ் போட்டுக் கட்டியிருந்தால் பெல்ட் அறுக்கும் கத்தி ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், டூல் பெட்டிக்குள் அல்ல.

குளக்கரையில் முகாம் போட்டால் நாயை விளிம்பில் விடாதீர்கள், முதலை. தேயிலைத் தோட்டப் பக்கம் இரவில் நாயை வெளியே கட்டினால் சிறுத்தை. இரண்டும் கதையல்ல. ராத்திரி நாய் வாகனத்துக்குள் அல்லது உங்கள் டென்ட்டுக்குள். வாகனத்துக்குள் என்றால் முன் கண்ணாடிகள் நாலு விரல் திறந்து, கொசுவலை போட்டு, காலையில் வெயில் படுமுன் எழும்ப வேண்டும்.

மண்பாதை:

காத்து சொன்னதோடு ஒன்று. மீமுரே போக கொழும்பில் காலை நாலு மணிக்குப் புறப்பட்டால் களனிப் பாலமும் கடவத்தையும் நெரிசல் இல்லாமல் கழியும், கண்டி தாண்டும்போது குளிர் இருக்கும். நெரிசலில் வாகனம் நிற்கும்போதுதான் ஜிம்னி ஏசி திணறும். கரடு முரடு தொடங்கும் இடத்தில் டயர் காற்றை 26 பீஎஸ்ஐயிலிருந்து 18க்கு இறக்குங்கள். உங்கள் சொகுசுக்கு அல்ல. நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறீர்கள், நாய்க்குப் பிடிக்க எதுவும் இல்லை, ஒவ்வொரு குலுக்கலும் மூட்டில் இறங்குகிறது. தார் றோட்டுக்கு வந்ததும் திரும்ப ஏற்றுங்கள்.

வெள்ளவத்தை_ஜிம்னி:

எல்லாருக்கும் பெரிய நன்றி. வில்பத்துவை விட்டாச்சு, சீட்டு கழட்டி தடுப்பு முறைதான். நானா, கடைசியா ஒண்டு. சாய்வுக் கம்பியை பின் பெல்ட் ஆங்கரில பூட்ட என்ன போல்ட் வாங்கிறது? ஹார்ட்வெயார்ல எம்10 போடச் சொல்லினம்.

தெமட்டகொட_வெல்டிங்:

எம்10 போடவே போடாதீர்கள். ஜப்பான் வாகனங்களின் பெல்ட் ஆங்கர் பெரும்பாலும் 7/16 அங்குலம், யூ.என்.எப் எனும் அங்குல நுண்புரி வகை, அங்குலத்துக்கு 20 புரி. எம்10 உள்ளே போகும், இறுகுவது மாதிரியும் இருக்கும், ஆனால் புரி ஒன்றோடொன்று பிடித்திருக்காது, இழுத்தால் கையோடு வரும். எம்12 நுழையாது, அடித்து ஏற்றினால் புரி போய்விடும். கழற்றிய பெல்ட் போல்ட்டையே எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் ஒப்பிட்டு வாங்குங்கள். தலையில் கிரேட் அடையாளம் இல்லாத போல்ட் வேண்டாம். அங்குல போல்ட்டில் மெட்ரிக் போல்ட் மாதிரி 8.8 என்று இருக்காது, கோடுதான் இருக்கும்: மூன்று கோடு கிரேட் 5, ஆறு கோடு கிரேட் 8. மூன்றுக்குக் குறைந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

கம்பியின் காதுத் தகடு 5 மில்லி, ஓட்டை 11.5 மில்லி. தகட்டின் கனம் கூடுவதால் பழைய போல்ட் நீளம் போதாமல் போகலாம், குறைந்தது எட்டு புரி உள்ளே ஏற வேண்டும். முதலில் ஸ்பேனர் இல்லாமல் விரலால் முழுவதும் முறுக்கிப் பாருங்கள். விரலுக்கு ஏறாத போல்ட்டுக்கு ஸ்பேனர் வைக்க வேண்டாம். முதல் மண் பாதைப் பயணம் முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் ஒருமுறை திரும்ப இறுக்குங்கள், புதுப் பெயின்ட் நசுங்கி நிச்சயமாகக் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.